யாழ்ப்பாணத்தில் எத்தனை ஆறு? ஒரே கோப்பு, மூன்று விடை

கேள்வி, செப்டெம்பர் 6

நீங்கள் போட்டிருக்கும் நீர்நிலைக் கோப்பை இறக்கி என் மடிக்கணினியில் ஏற்றினேன். "யாழ்ப்பாண மாவட்டத்தில் உள்ள ஆறுகள்" என்று கேட்டால் ஒன்றும் வரவில்லை. என் நண்பன் கேட்டால் ஒன்று வருகிறது. உங்கள் பக்கத்தில் கேட்டால் நாலு. வினவலை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டோம், வித்தியாசம் இல்லை. யாருடைய ஸ்பார்க்கிள் பழுது?

செப்டெம்பர் 6, இரவு 9.50

ஒருவருடையதும் பழுதில்லை, தம்பி. ஸ்பார்க்கிள் என்பது இந்த மாதிரித் தரவைக் கேள்வி கேட்கும் மொழி, அவ்வளவுதான். கோப்பு ஒன்று என்று நினைக்கிறீர்கள். அது இரண்டு. ஒன்றில் தரவு: வழுக்கையாறு, கீரிமலைக் கேணி, நிலாவரை, எங்கள் வீட்டுக் கிணறு. மற்றதில் வரையறை: எது எதன் உள்வகை, எந்தப் பண்பு எதற்குரியது என்பதெல்லாம். ஒன்டொலொஜி என்று பெரிய பெயர் வைத்திருப்பது அந்த இரண்டாவதற்குத்தான்.

தரவில் வழுக்கையாற்றை "மாரியாறு" என்று எழுதியிருக்கிறேன். மாரியில் மட்டும்தானே ஓடும். "மாரியாறு என்பது ஆற்றின் உள்வகை" என்ற வரி வரையறைக் கோப்பில் இருக்கிறது. நீங்கள் அதை ஏற்றவில்லை. ஸ்பார்க்கிள் தனியே விட்டால் எழுதியிருப்பதோடு மட்டும் பொருத்திப் பார்க்கும். "ஆறு" என்று வகை குறித்த ஒரு வரியும் உங்கள் கணினியில் இல்லை, ஆகவே வெறுங்கை. உங்கள் நண்பர் இரண்டையும் ஏற்றி, ஆர்டிஎஃப்எஸ் விதிப்படி ஊகிக்கும் ரீசனர் என்ற நிரலையும் போட்டிருப்பார். அது உள்வகை வரியைப் படித்துவிட்டு, வழுக்கையாறும் ஆறுதான் என்று ஒரு புது வரியைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஆகவே ஒன்று.

என்னுடையதில் ஏன் நாலு? எனக்கும் தெரியவில்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

செப்டெம்பர் 7

பார்த்தேன். வழுக்கையாறு, தொண்டைமானாறு, உப்பாறு, கனகராயன் ஆறு.

முதலாவது சரி. இரண்டாவதும் மூன்றாவதும் என் பழைய மடத்தனம். மூன்று வருடத்துக்கு முன் இந்த வேலையைத் தொடங்கியபோது நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று, பெயர் எப்படி முடிகிறதோ அப்படியே வகையைக் கொடுக்கும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். "ஆறு", "ாறு" என்று முடிந்தால் ஆறு, "ஏரி", "ேரி" என்று முடிந்தால் ஏரி. அது போட்ட வரிகள் இன்னும் என் சேவையகத்தில் மட்டும் தனிக் கோப்பாகக் கிடக்கின்றன. தொண்டைமானாறு கடனீரேரியின் வாய். உப்பாறும் கடனீர்தான், பெயரிலேயே உப்பு இருக்கிறது.

ஏரியைப் பற்றி நல்லவேளை ஒருவரும் கேட்கவில்லை. நல்லூர் யமுனா ஏரி ப வடிவில் கட்டிய கேணி. அது ஏரிப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரி முழுதும் இருக்கிறது, அதுவும் ஏரி என்றுதானே முடிகிறது. பரப்பளவுச் சராசரி கேட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ.

கனகராயன் ஆறு வேறு கதை. இன்றைக்குக் கை வலிக்கிறது.

செப்டெம்பர் 7, பிந்தி

நாலுக்குப் பதில் ஆறு வந்திருந்தால் "எத்தனை ஆறு? ஆறு ஆறு" என்று தலைப்பு வைத்திருக்கலாம். அநியாயமாகப் போய்விட்டது.

செப்டெம்பர் 9

ஒருவர் எழுதியிருக்கிறார்: "வகையெல்லாம் எதற்கு, பெயரில் 'ஆறு' என்று தேடினால் போதாதா?" செய்து பாருங்கள். கனகராயன் ஆறு வரும், இடைவெளி இருப்பதால். வழுக்கையாறு வராது, தொண்டைமானாறு வராது. புணர்ந்த இடத்தில் ஆ என்ற எழுத்தே இல்லை, யா, னா என்று ஆகிவிட்டது. கணினி நன்னூல் படிக்கவில்லை.

சரி, காலோடு சேர்த்து "ாறு" என்று தேடலாம் என்று அதையும் செய்தேன். குறிப்புப் பகுதியிலும் தேடியதால் "மோட்டர் கோளாறு" வந்தது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஒரே ஆறு அதுதான் என்று பெறாமகன் சொன்னான். அதோடு அன்னதானச் சோறும் வந்தது. அது எப்படி என்று அரை நாள் மண்டையை உடைத்தேன். ஓகாரக் குறியை யூனிக்கோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய கோப்பு ஒன்றில் பிரித்து எழுதியிருந்தது. கண்ணுக்கு ஒரே சோறு, கணினிக்குள் அது "சே" பிறகு "ாறு".

ஆகவே வகை வேண்டும். அந்த வகையைப் பெயரை வைத்துக் கொடுக்கக் கூடாது.

செப்டெம்பர் 10

கனகராயன் ஆறு. இரணைமடுவுக்கு நீர் கொண்டுவருவது. அது கிளிநொச்சி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிளிநொச்சி தனி மாவட்டம் ஆனது 1984 பெப்ரவரியில். அதற்கு முன் அந்தப் பக்கம் யாழ்ப்பாண மாவட்டம். என்னிடம் இருந்த பழைய இடப்பெயர்ப் பட்டியல் அதற்கு முந்தியது. அதிலிருந்து "மாவட்டம்: யாழ்ப்பாணம்" என்று ஒரு வரி, பிறகு நானே சேர்த்த "மாவட்டம்: கிளிநொச்சி" என்று ஒரு வரி. இரண்டும் உண்மை. எப்போது உண்மை என்று சொல்ல என் வரையறையில் இடம் இல்லை, ஏனென்றால் "மாவட்டம்" என்ற பண்புக்குக் காலம் என்ற ஒன்று தேவைப்படும் என்று நான் நினைக்கவேயில்லை. இந்த வயதில், அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டவள் நான்.

விக்கிப்பீடியாவின் கூட்டுத் தரவுத்தளமான விக்கித்தரவில் இதற்கு வழி இருக்கிறது. ஒரே கூற்றுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் போடலாம், நடப்பில் உள்ளதை முன்னுரிமைக் கூற்று என்று குறிக்கலாம். சுருக்க வடிவில் வினவினால் முன்னுரிமைக் கூற்று மட்டும் வரும், நீள வடிவில் வினவினால் எல்லாம் வரும். ஆனால் யாராவது முன்னுரிமை போட்டிருந்தால்தான். போடாவிட்டால் சுருக்க வடிவிலும் இரண்டு மாவட்டமும் சேர்ந்தே வரும்.

செப்டெம்பர் 13

"முதலில் ஆறு என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள் ரீச்சர்." சரி ஐயா, நியாயம்.

பள்ளிக்கூடத்தில் யாழ் குடாநாட்டில் ஆறு இல்லை என்றுதான் படித்தோம். சுண்ணக்கல் நிலம், மழை கீழே இறங்கிவிடும், அதனால் கிணறு. பரீட்சையில் "வழுக்கையாறு" என்று எழுதினால் சில ஆசிரியர் சரி போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். வரையறைப் பிரச்சினை அப்போதே இருந்திருக்கிறது, சிவப்புப் பேனையில்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்காரர்களிடம் இதற்கு ஒரு விதி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பு நன்றாக உள்ள ஒருவர் தாண்டிப் பாயக்கூடிய அகலம் என்றால் ஓடை, அதற்கு மேல் ஆறு. இதை வைத்துக்கொண்டு சண்டிலிப்பாய்ப் பக்கம் போனேன். செப்டெம்பரில் தாண்டத் தேவையில்லை, நடந்தே போகலாம், செருப்பு நனையாது. மாரியில் வந்தால் தாண்ட மாட்டேன். அப்படியானால் என்ன வகை? அவர்கள் "இடையிடையே ஓடும்" என்று இன்னொரு குறியும் வைத்திருக்கிறார்கள். என் "மாரியாறு" அதுதான். ஆனால் நான் அதை ஆற்றின் உள்வகை ஆக்கியது என் முடிவு. ஓடையின் உள்வகை ஆக்கியிருந்தால் முதலில் கேட்ட தம்பிக்கும் நண்பருக்கும் விடை ஒன்றாக இருந்திருக்கும், இருவருக்கும் பூச்சியம். தரவில் ஒரு எழுத்தும் மாறாமல் மாவட்டத்துக்கு ஒரு ஆறு கூடும், குறையும்.

இதை எழுதும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

செப்டெம்பர் 18

டொமைன் (ஒரு பண்பு எந்த வகைக்குரியது என்று சொல்லும் வரி) பற்றிக் கேட்டிருந்தீர்கள். "உவர்த்தன்மைக்கு டொமைன் கிணறு என்று போட்டேன், ஆனாலும் கிணறு அல்லாதவற்றுக்கும் உவர்த்தன்மை எழுத விடுகிறது, தடுக்கவில்லையே" என்று. இதே குழியில் நான் போன வருடம் விழுந்தேன்.

நான் இரசாயனம் படிப்பித்தவள், கணினி படித்தவள் அல்ல. டொமைன் என்றால் வாசற்காவல் என்று நினைத்தேன். கிணறு அல்லாதது வந்தால் "உள்ளே விடமாட்டேன்" என்று சொல்லும் என்று. அது அப்படி வேலை செய்வதில்லை. அது முத்திரை குத்துகிறவர். யார் வந்தாலும் விடுவார், நெற்றியில் "கிணறு" என்று குத்திவிட்டு விடுவார்.

நடந்தது இது. உவர்த்தன்மையை அறியக் கிணற்று நீரின் மின்கடத்துதிறனை அளந்து சேர்க்கும் பிள்ளைகளில் ஒருவன், ஒப்பிட்டுப் பார்க்கக் காங்கேசன்துறைக் கரையில் கடல்நீரையும் அளந்தான். நல்ல பிள்ளை, நல்ல யோசனை. இடம்: பாக்கு நீரிணை. அளவு: இன்னது. கோப்பில் ஏற்றினான். அடுத்த கிழமை நான் "உவர் கூடிய பத்துக் கிணறுகள்" என்று வினவல் போட்டேன். முதலிடத்தில் பாக்கு நீரிணை. ரீசனர் செய்தது முழுக்கச் சரி: உவர்த்தன்மை உள்ளது கிணறு என்று நானே சொல்லியிருக்கிறேன், பாக்கு நீரிணைக்கு உவர்த்தன்மை இருக்கிறது, ஆகவே அது கிணறு. அந்தப் பட்டியலை அச்சடித்து ஒரு கூட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தேன் என்பதை இங்கே விரிவாகச் சொல்ல விரும்பவில்லை.

காவல் வேண்டுமானால் அது வேறு கருவி, ஷேக்கிள் என்று பெயர், 2017இல் தரமாக வந்தது. அது புது வரி ஒன்றும் சேர்க்காது. தரவைச் சோதித்து "இந்த வரி பொருந்தவில்லை" என்று அறிக்கை தரும், அவ்வளவுதான். நான் ஆவுலில், அதாவது வரையறைக் கோப்பை எழுதும் மொழியில், தேடியது அதில் இருந்தது.

ஆவுல் என்ற பெயரையும் பாருங்கள். வெப் ஒன்டொலொஜி லாங்குவேஜ் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளை ஒழுங்காக எடுத்தால் அந்தச் சொல் வராது, ஆந்தை வரட்டும் என்று இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆந்தை கத்தினால் அம்மா விளக்கை ஏற்றுவா.

செப்டெம்பர் 19

நேற்றையதில் ஒன்று விட்டுப்போனது. அதைத் திருத்தப் போய் இன்னும் கெடுத்தேன். "சரி, கடலுக்கும் உவர்த்தன்மை உண்டு" என்று இரண்டாவது டொமைன் வரி சேர்த்தேன்: டொமைன் கிணறு, டொமைன் கடல். இதுவோ அதுவோ என்று எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இதுவும் அதுவும் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு முத்திரையும் எல்லோருக்கும். எங்கள் வீட்டுக் கிணறு கடல் ஆகிவிட்டது. காணி விலை ஏறியிருக்கும்.

இதுவோ அதுவோ என்று சொல்ல இரண்டையும் ஒன்றிணைத்த வகுப்பு ஒன்று கட்டி அதை டொமைனாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டொமைனை "நீர்நிலை" என்று பொதுவாக வைக்க வேண்டும். ஸ்கீமா டொட் ஓர்க் (இணையப் பக்கங்களுக்கான பொதுச் சொற்தொகுதி) ஆட்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று "டொமைன்இன்க்ளூட்ஸ்" என்று ஒன்று வைத்துக்கொண்டார்கள். "இவற்றிலும் இதைப் பயன்படுத்தலாம்" என்று மட்டும் சொல்லும், முத்திரை குத்தாது. நான் கடைசியில் டொமைனையே எடுத்துவிட்டேன்.

செப்டெம்பர் 27

பங்குக் கிணறு.

எங்கள் வளவில் உள்ளது அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சீதனத்தில் வந்த பங்கு. காணி உறுதியில் "கிணற்றில் அரைப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்ற மாதிரி இருக்கும், யாழ்ப்பாணத்தில் உறுதி வாசித்தவர்களுக்குத் தெரியும். நான்கு வீட்டுக்கு ஒரு கிணறு, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்றெல்லாம் போகும். பங்கு விற்பதென்றால் எங்கள் மரபுச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிக்கு முதல் உரிமை. 1947இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. பங்காளிகள் பட்டியல் எடுக்க எனக்கு ஒரு வினவல் தேவைப்பட்டது இதனால்தான், பக்கத்து வளவுப் பங்கு ஒன்று விலைக்கு வந்திருந்தது.

வரையறையில் "உரிமையாளர்" என்ற பண்பை ஃபங்ஷனல் என்று போட்டிருந்தேன். அதாவது ஒரு பொருளுக்கு ஒரு உரிமையாளர். ஏன் போட்டேன்? பயிற்சிப் பாடம் ஒன்றில் கார் உதாரணம் இருந்தது. காருக்கு ஒரு உரிமையாளர். நான் காரை அழித்துக் கிணற்றை எழுதினேன்.

ஒரு கிணறு, இரண்டு உரிமையாளர் என்றால் "பிழை" என்று கத்தும் என்று யாரும் நினைப்பார்கள். ஆவுல் கத்தாது. இரண்டு பெயர் என்பதால் இரண்டு ஆள் என்று அது எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கலாமே. ஆகவே அது அமைதியாக முடிவு செய்தது: அம்மாவும் பெரியம்மாவும் ஒரே ஆள்.

அதற்குப் பிறகு "பெரியம்மாவின் காணிகள்" என்று கேட்டால் அம்மாவின் காணிகளும் வந்தன. பிறந்த ஆண்டு கேட்டால் இரண்டு ஆண்டு. "கணவர்" என்ற பண்பும் ஃபங்ஷனல், அதுவாவது நியாயம் என்று நினைத்திருந்தேன். அதன் வழியே அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றாகிவிட்டார்கள். இரண்டு பேரும் பதினொரு வருடம் கதைக்காமல் இருந்தவர்கள், காரணம் வேலி. சொந்தக்காரர் பலர் முயன்று முடியாததை ஒரு வரி முடித்துவிட்டது.

"இவர்கள் வேறு வேறு ஆட்கள்" என்று வெளிப்படையாக எழுதினால் அப்போதுதான் முரண்பாடு என்று கத்தும். அதுவும் ஒவ்வொரு சோடிக்கும் எழுத வேண்டும், அல்லது எல்லோரையும் சேர்த்து ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். நான் ஃபங்ஷனலை எடுத்துவிட்டு, "பங்கு" என்று தனி வகுப்பு வைத்தேன்: எந்தக் கிணறு, எவருக்கு, எத்தனையில் எத்தனை. உறுதி எழுதிய நொத்தாரிசு எப்போதோ செய்துவைத்த ஒன்டொலொஜி அது. நான்தான் கார் பாடம் படிக்கப் போனேன்.

ஒக்டோபர் 4

மேலே உள்ளதெல்லாம் சிரிக்கலாம். இது சிரிக்க முடியாதது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு. உரம் போடுவார்கள். சுண்ணக்கல்லுக்குள் அது இறங்கும், மலசலகூடக் குழியும் பக்கத்தில். கிணற்று நீரில் நைத்திரேற்று கூடும். கைக்குழந்தைக்கு ஆபத்து, உடம்பு நீலம் பாரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். இதைப் பத்து வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான்.

என் தரவில் "நைத்திரேற்று" என்று ஒரு பண்பு, எண் மட்டும். "50க்கு மேல் உள்ள கிணறுகள்" என்று வினவல். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது, சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு நாள் ஒரு ஆய்வுகூடத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது தலைப்பில் சின்ன எழுத்தில் "நைத்திரேற்று, நைதரசனாக" என்று இருந்தது. சில இடங்களில் அயனாக அறிக்கை தருவார்கள், சில இடங்களில் அதிலுள்ள நைதரசனை மட்டும் தருவார்கள். நைத்திரேற்று அயனின் நிறை 62, அதில் நைதரசன் 14. ஆகவே நைதரசனாகத் தந்த எண்ணை 4.43 ஆல் பெருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 50 என்பது ஏறத்தாழ 11.3.

அதாவது "12" என்று பதிந்திருந்த ஒரு கிணறு உண்மையில் 53. என் வினவல் அதை நல்ல கிணறு என்று தாண்டிப் போய்விட்டது. ஓரிடத்தில் இல்லை, அந்தத் தாள்களிலிருந்து ஏற்றிய எல்லாவற்றிலும்.

தரவு பிழையா? 12 என்பது சரியாக அளந்த எண். வினவல் பிழையா? 50 சரி. இரண்டுக்கும் நடுவில் "நைத்திரேற்று என்றால் இன்னது" என்று எழுத வேண்டிய ஒரு வரி இல்லை. இப்போது இரண்டு பண்பு வைத்திருக்கிறேன், "நைத்திரேற்று அயனாக", "நைத்திரேற்று நைதரசனாக". ஒன்றுக்கொன்று உள்வகை உறவு வைக்கவில்லை. வைத்தால் ரீசனர் 12ஐத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடும். பெருக்கலை வினவலுக்குள்ளேயே செய்கிறேன், ஆவுலுக்குப் பெருக்கத் தெரியாது.

அந்தக் கிணறுகளுக்கு உரிய வீடுகளுக்கு நானும் ஒரு பிள்ளையும் போய்ச் சொன்னோம். ஒரு வீட்டில் குழந்தை இருந்தது. சுகமாக இருந்தது. போத்தல் தண்ணீர் என்றார்கள். நல்லது.

ஒக்டோபர் 5

நேற்றையதற்குப் பதிலாக ஒருவர்: "அப்படியானால் தலைகீழாகக் கேளுங்கள், 50க்கு மேல் இல்லாத கிணறுகள் என்று." அதில் வேறு பொறி. "இல்லாத" என்று எழுதினால் அளக்கவே அளக்காத கிணறுகளும் வந்துவிடும். ஆவுல் பக்கம் எழுதாததை "தெரியாது" என்று வைத்திருக்கும். ஸ்பார்க்கிளின் நொட் எக்ஸிஸ்ட்ஸ் "என் கையில் இல்லை, ஆகவே இல்லை" என்று நடக்கும். ஒரே தரவின் மேல் இரண்டு பேரும் இரண்டு மனத்தோடு நிற்கிறார்கள். குடிக்கும் தண்ணீர்ப் பட்டியலில் எங்கள் ஒழுங்கைக் கடைசிக் கிணறு "பாதுகாப்பானது" என்று வந்தது. அதற்குள் பூனை விழுந்து மூன்று வருடம், ஒருவரும் அள்ளுவதில்லை.

"அளவு உண்டு, அது 50க்குக் கீழே" என்று இரண்டையும் எழுத வேண்டும்.

ஒக்டோபர் 12

விக்கித்தரவில் ஏன் இந்தக் கூத்து இல்லை என்று கேட்கிறார்கள். அங்கே வேறு கூத்து. அதன் வினவல் சேவை ரீசனர் எதையும் ஓட்டுவதில்லை, உள்வகையை நீங்களே நடந்து பிடிக்க வேண்டும். பி31 (இது இன்ன வகை) போட்டு, பிறகு பி279ஐ (இது இன்னதன் உள்வகை) எத்தனை படியும் என்று நட்சத்திரம் போட்டு. அந்தப் பாதை வசதி 2013இல் வந்த ஸ்பார்க்கிள் 1.1இல்தான் கிடைத்தது. நட்சத்திரத்தை மறந்தால் பாதி விடை. போட்டால் சில நேரம் 60 விநாடியில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். எங்கோ ஒருவர் நடு இரவில் ஒரு வகுப்பை வேறொன்றின் கீழே நகர்த்தினால், காலையில் உங்கள் எண்ணிக்கை மாறும். நான் விடையோடு சேர்த்து வினவிய திகதியையும் எழுதி வைக்கிறேன்.

ஒக்டோபர் 20

கீரிமலை. ஊர் கீரிமலை, ஊற்று கீரிமலை, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று எனக் கேணி இரண்டு, பக்கத்தில் நகுலேஸ்வரம். வெவ்வேறு தொகுப்பிலிருந்து வந்த இந்த அடையாளங்களை யாரோ சேம்ஆஸ் போட்டு ஒன்றாக்கியிருந்தார்கள். ஊரின் சனத்தொகை கேணிக்குள் இறங்கியது. ஆடி அமாவாசைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

சேம்ஆஸ் என்றால் "இது பற்றி அங்கேயும் இருக்கிறது" என்று பொருள் இல்லை. இதற்குச் சொன்னதெல்லாம் அதற்கும், அதற்குச் சொன்னதெல்லாம் இதற்கும். அவ்வளவு பாரம் தூக்க முடியாத இடத்தில் ஸ்கொஸ் என்ற சொற்பட்டியல் முறையில் உள்ள குளோஸ்மெச் (கிட்டத்தட்டப் பொருந்தும்) போதும்.

ஒக்டோபர் 21

திருத்தம்: யாரோ இல்லை. மாற்ற வரலாற்றில் என் பெயர்தான் இருக்கிறது, 2 வருடத்துக்கு முன்.

நவம்பர் 2

துரவு பற்றி மூன்று பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். அம்மம்மா சொன்னது: கட்டினால் கிணறு, கட்டாமல் சரிவாகத் தோண்டி மாடு இறங்கிக் குடித்தால் துரவு, படி கட்டினால் கேணி. வடமராட்சிக்காரர் ஒருவர் துரவுக்கும் கட்டு இருக்கலாம் என்கிறார். தீவகத்திலிருந்து இன்னொருவர் அதைக் கூவல் என்றே சொல்வோம் என்கிறார்.

நான் இதையெல்லாம் முன்பு ஆங்கிலச் சொல் ஒன்றோடு சமம் என்று போட்டிருந்தேன், வெளியாட்களுக்கும் பயன்படட்டும் என்று. குளமும் கேணியும் துரவும் அதே சொல். சமம் என்று போட்டதும் மூன்றும் தங்களுக்குள்ளும் சமம் ஆகிவிட்டன. கேணி கேட்டால் குளம் வரும், துரவு வரும். ஆவுரோஞ்சிக்கல் (மாடு உடம்பு உரஞ்ச நட்ட கல்) பக்கத்தில் உள்ள கேணிகளைத் தேடியவருக்கு மூன்று மடங்கு பட்டியல் போனது. இப்போது சமத்தை எடுத்துவிட்டு, மூன்றையும் அந்த வெளிச் சொல்லுக்குக் கீழே உள்வகையாக வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து கேட்டால் மூன்றும் கிடைக்கும். உள்ளிருந்து கேணி என்று கேட்டால் கேணி மட்டும்.

நிலாவரையை எங்கே வைப்பது? பெயர் நிலாவரைக் கிணறு. ஆனால் "கிணறு என்பது மனிதர் தோண்டியது" என்று நான் வரையறை எழுதினால் அது வெளியே போய்விடும், சுண்ணக்கல் தானாக இடிந்து உண்டானது அது. இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்ற கதையை எடுத்துக்கொண்டால் தோண்டியது என்று வாதாடலாம். மனிதரா என்று பிறகு கேட்பார்கள். ஒத்திவைக்கிறேன்.

நவம்பர் 3

கூவல் என்ற சொல்லைத் தந்தவருக்கு: சேர்த்துவிட்டேன், துரவுக்கு மாற்றுப் பெயராக. சமமான வகுப்பாக இல்லை. பட்டது போதும்.

நவம்பர் 17

நாலு நாள் மழை. கரன்ட் போய் வந்தது, ஃபுசெகி (தரவை வைத்திருந்து வினவலுக்கு விடை தரும் நிரல்) மீண்டும் எழும்பும்போது பழைய பெயர்-முடிவுக் கோப்பை ஏற்றாமல் விட்டேன். மாவட்டத்துக்குக் காலமும் போட்டாயிற்று. முதலில் கேட்ட தம்பி, இப்போது என் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், ஒன்றுதான் வரும்.

இன்றைக்குப் பின்னேரம் குடையோடு சண்டிலிப்பாய் வரைக்கும் போனேன். வழுக்கையாறு ஓடுகிறது, மண் நிறத்தில், வேகமாக. பக்கத்தில் நின்ற ஒரு பெடியன் தாண்டிப் பாய்ந்து காட்டினான். ஒரு கால் தண்ணீருக்குள்.

அராலிப் பக்கம் இருப்பவர்கள் கடனீரேரியில் விழும் இடத்தை இந்தக் கிழமைக்குள் படம் எடுத்து அனுப்புங்கள், திகதியோடு.